குருமண்வெளி, ஆறு நாற்பது

எங்கள் பக்கத்தில் பாதை என்றால் தெரு இல்லை.
வாவியைக் கடக்கிற இரும்புத் தட்டு.
நாலு மோட்டார்சைக்கிள், ஒரு ஓட்டோ,
மண்டூருக்குப் போகும் பாண் பெட்டி ரெண்டு,
என் ஸ்கூட்டி,
அதில் கட்டிய குழந்தை நிறுக்கும் தராசு.
மற்ற ஊர்களில் பாதை கிடக்கும், ஆள் போவான்.
இங்கே ஆள் நிற்பான், பாதை போகும்.

இன்று அதுவும் போகவில்லை.
மாரி வெள்ளம் தள்ளிவந்த ஆற்றுவாழை
நடுவாவியில் வயல்போல விரிந்து
எங்களைப் பிடித்துக்கொண்டது.
வெள்ளக்குட்டியண்ணன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு
விசிறியில் சுற்றிய வேரைக்
கத்தியால் அறுக்கிறார்.

அந்த நேரம் பார்த்துக் கிருபை எடுத்தான்,
றொட்டர்டாமிலிருந்து.
அங்கே இரவு ரெண்டு பத்து.

"கோப்பை கழுவி முடியப் பிந்திற்று.
கடைசி மெற்றோ போயிற்று அக்கா.
போன் திரை வெடிச்சுப் போய்க் கிடக்கு.
பேச மட்டும்தான் ஏலும்."

போய்ப் பதினொரு நாள்.
இதுவரை ஆற்றை அடியால்தான் கடந்திருக்கிறான்.
அப்படி ஒரு ஆறு இருப்பது
இன்றைக்குத்தான் தெரியும்.

"எந்தக் கரையில நிக்காய்? எழுவானா, படுவானா?"
வாய்ப் பழக்கம்.
"ரெண்டுமில்ல. இங்க கரை வடக்கும் தெற்கும்.
சூரியன் எந்தப் பக்கத்தால வாறதெண்டே
நான் இன்னும் காணல்ல."

அவன் ஊரை என் போனில் திறந்தேன்.
மழைத்துளி ஒன்று விழுந்து
ஒரு துறைமுகம் ஊதிப் பெருத்தது.
துடைத்தேன்.
அவன் நிற்பது வடக்கு, அறை தெற்கு.
என் விரலுக்கு அது ஒரு சென்ரிமீற்றர்.

"வெள்ளையா, ஒத்தக் காலில நிக்கிற பாலம் தெரியுதா?"
"தெரியுது. காத்து ஆளைத் தள்ளுது."
"ஏறு. நடுவில தண்டவாளம், அதில நடக்காத.
பக்கத்தில சைக்கிள் பாதை, அதிலயும் நடக்காத."
"அப்ப நான் எதில நடக்கிற?"
"மிச்சத்தில."

முன்னூறு சொச்சம் வருசத்துக்கு முன்
ஒல்லாந்தர் இந்த வாவிக்குள் வந்தபோது
யாரிடம் வழி கேட்டார்களோ.
புளியந்தீவில் அவர்கள் கோட்டை நிற்கிறது.
அங்கே ஒரு கையெழுத்துக்கு
நாலு நாள் அலைந்தவள் நான்.

மருதமுனைச் சாறன் வியாபாரி உவைஸ் காக்கா
தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.
"பாலம் இறங்கி நேர விடச் சொல்லுங்க தங்கச்சி.
வலக்கைப் பக்கம் போனா முடிவு தண்ணிதான்."
பாண்காரரும் வந்து குனிந்தார்.
ஓட்டோக்காரன் கேட்டான்,
அந்த நேரத்தில் அங்கே ஒரு ஓட்டோவும் ஓடாதா என்று.
கொஞ்ச நேரம்
பாதையில் நின்ற எல்லாரும்
அந்த ஊருக்குள் நடந்தோம்.

"இப்ப தூணுக்கு மேல ரெயில் பாலம் வரும்.
அதுக்குக் கீழயே நட. மழை படாது."
"மேல ரெயில் ஒண்டுமில்லையே."
"இல்லாட்டி என்ன. அது போற வழிதானே."

அவன் நடந்தான். மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு சிரித்தான்.
"இங்க ஏறவும் கார்டைத் தொடணும், இறங்கவும் தொடணும்.
திரும்பி வர நான் தொடவே இல்ல.
கணக்கின்படி
நான் இன்னும் வேலைத்தலத்திலதான்."

இங்கே வெள்ளக்குட்டியண்ணன்
யார் ஏறினது, யார் இறங்கினது,
தலையை எண்ணுவதோடு சரி.
அதுவும் காற்று அடிக்கிற நாளில்.

திறப்புச் சத்தம். மாடிப்படி.
"கதவைத் திறந்திற்றன்.
நீ இறங்கிற்றியா அக்கா?"

"இல்ல மனே. இன்னும் பாதையிலதான்."

"கதைச்சது காணும், இழு பிள்ளை" என்று
அண்ணன் ஒரு கற்றையை என் கையில் தந்தார்.
போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.
காக்கா சாறனை மடித்துக் கட்டினார்.
தண்டு வழுக்கியது, வேரோடு சேறு வந்தது,
தட்டு ஒரு முழம் அசைந்தது.

படுவான்கரையில்
பதினாலு குழந்தைகள்
எடை கூடிக்கொண்டு காத்திருந்தன.